தொப்புள் வழியே ஒரு குழாய்

1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கன்புக் ஒரு நோயாளியின் பித்தப்பையை முழுதாக அகற்றினார். இது உலகிலேயே முதல்முறை. பித்தக்கல்லை மட்டும் எடுத்தால் திரும்பவும் வரும், அது உருவாகும் பையையே எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு வயிற்றில் நீளமாகக் கீற வேண்டியிருந்தது.

அந்தக் கீறலைத் தவிர்த்துக் காட்டியவர் எரிக் மியூஹே. ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் 1985 செப்டம்பர் 12 அன்று வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி, தாமே வடிவமைத்த ‘காலோஸ்கோப்’ குழாயைத் தொப்புள் வழியே செலுத்தினார். அதனூடே பார்த்தபடி, துப்பாக்கிப் பிடி கொண்ட கருவியால் பித்தப்பை நாளத்துக்கும் தமனிக்கும் கிளிப் போட்டு அறுத்து, பையை வெளியே எடுத்தார்.

1986இல் ஜெர்மன் அறுவை மருத்துவச் சங்க மாநாட்டில் சக மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. பெரும் அநீதி அது. அதே சங்கம் 1992இல்தான் அவருக்கு விருது வழங்கியது.