அந்தமான் ஓடுகள்: அன்றைய கடலும் இன்றைய கடலும்

ட்ரோக்கஸ் என்ற கூம்புச் சங்கைக் கடலிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. பாசி ஏறி, சுண்ணாம்பு அப்பி, மங்கிய சிவப்புத் தீற்றல்களோடு கிடக்கும். அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கினால் சீறிக்கொண்டு நுரைக்கும், மேல்தோல் கரைந்து போகும். கழுவித் தேய்த்து பாலிஷ் போட்டால் உள்ளே ஒளிந்திருந்த முத்துப் பூச்சு பளிச்சென்று தெரியும். போர்ட் பிளேரின் சங்குப் பட்டறைகளுக்குப் பழகிய வேலை இது. (2024இல் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். நாக்கு இன்னும் திரும்பவில்லை, பழைய பெயரையே எழுதுகிறேன்.)

அந்த நுரையில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துச் சங்கு கட்டிய சுவர், அமிலம் பட்டதும் வாயுவாகக் கழன்று போகிறது. இன்றைய கடலின் சிக்கலைப் புரிந்துகொள்ள அந்த அமிலத் தொட்டியே போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. கடல் அமிலமாகிவிட்டது என்று சொல்வது மிகை. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். அளவு இப்போது 8.1 அருகில் இருக்கிறது. இன்னும் காரநீர்தான். பார்க்க அற்ப மாற்றம். ஆனால் அந்த அளவுகோல் மடக்கைக் கணக்கு என்பதால் ஹைட்ரஜன் அயனிகள் 30 சதவீதம் போலக் கூடிவிட்டன என்று பொருள். கூடிய அயனிகள் கார்பனேட்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, ஓடு கட்டுகிறவர்களுக்குச் சரக்கு குறைகிறது. ஓடு கரைவதெல்லாம் பிற்பாடு. முதலில், அதே ஓட்டைக் கட்ட உயிர் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

ட்ரோக்கஸுக்கு இதற்கு முன் வந்த ஆபத்து வேறு மாதிரியானது. 1929 வாக்கில் ஜப்பானியப் படகுகள் அந்தமான் கடலில் ட்ரோக்கஸ் எடுக்க ஆரம்பித்தன. பிளாஸ்டிக் பரவாத காலம், சட்டைப் பொத்தான்களுக்கு இந்த முத்துப் பூச்சுதான் மூலப்பொருள். கூடவே டர்போ சங்கும் போனது. சுதந்திரத்துக்குப் பிறகும் தொழில் தொடர்ந்தது, வளம் மெலிந்தது. 2001இல் ட்ரோக்கஸும் டர்போவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஏறின. ராட்சதச் சிப்பிகள், நாட்டிலஸ், பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் அதே ஆண்டு சட்டத்துக்குள் வந்தன. இன்று சுற்றுலா போனவர் கரையில் பொறுக்கிய பவளத் துண்டைப் பையில் வைத்திருந்தால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். படகுக்காரரைத் தடுக்கச் சட்டம் போதும். நீரின் சூட்டையும் காரத்தையும் எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

அந்தமானில் ஓடுகளைப் படிக்கும் வேலை பொத்தான் வியாபாரத்துக்கு முன்பே தொடங்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, தீவுகளில் கண்ட சிப்பி மேடுகளைப் பற்றி 1870இல் ஒரு குறிப்பு எழுதினார். அந்தமானியர் தலைமுறை தலைமுறையாகத் தின்று வீசிய சிப்பி ஓடுகள், பன்றி எலும்புகள், உடைந்த பானைகள் எல்லாம் சேர்ந்து குன்று போல நிற்கும் மேடுகள் அவை. பின்னாளில் சௌல்தாரியில் தோண்டிய தொல்லியலாளர் ஜரின் கூப்பர் அங்கிருந்த மேட்டைக் காலக்கணிப்பு செய்தபோது, சுமார் 2,280 ஆண்டு என்று வந்தது. தீவுகளில் மனிதர் வாழ்ந்ததற்குத் தேதியோடு கிடைத்த பழைய சான்றுகளில் ஒன்று அது.

இந்த மேடுகளைச் சாப்பாட்டுக் கழிவு என்று ஒதுக்க முடியாது. அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழும் நத்தை ஒரு ரகம், பவளத்திட்டில் வாழும் சிப்பி இன்னொரு ரகம். ஓர் அடுக்கில் எது மிகுதி என்று பார்த்தால், அந்தக் காலத்தில் பக்கத்துக் கரை சேறா பாறையா என்று ஊகிக்கலாம். தின்றவர் ருசியும் கலந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. மனிதர் குவித்த ஓட்டில் கடலும் இருக்கிறது, மனிதரும் இருக்கிறார்.

மனிதர் கலக்காத பதிவு வேண்டுமென்றால் பவளத்திடம் போக வேண்டும். போரைட்டிஸ் என்ற உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். அதைக் குறுக்கே அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் அடர்ந்ததும் தளர்ந்ததுமாகப் பட்டைகள் தெரியும், ஒரு ஜோடி ஓர் ஆண்டு. ஓட்டில் ஸ்ட்ரான்ஷியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது நீரின் வெப்பத்தைச் சொல்லும். ஆக்சிஜனின் கனமான வகை எவ்வளவு என்பது வெப்பத்தோடு உப்பையும் சொல்லும்.

ஆழமற்ற நீரில் இதே பவளம் இன்னொரு வித்தையும் செய்கிறது. கடலின் மிகத் தாழ்ந்த வற்று மட்டம் வரைதான் அது மேலே வளர முடியும், அதற்கு மேல் வெயில் பட்டுச் சாகும். எனவே தலை தட்டையாகி, பக்கவாட்டில் மட்டும் பரந்து, வட்ட மேசை போல ஆகிவிடும். நிலம் தாழ்ந்தால் விளிம்பு மறுபடி மேலே ஏறும். நிலம் உயர்ந்தால் மேல்பகுதி செத்து, நீரில் மிஞ்சிய கீழ்விளிம்பு மட்டும் உயிரோடு ஒதுங்கும். மேசையின் விளிம்பை அளந்தால் நிலம் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது, இறங்கியது என்று தெரிந்துவிடும். போர்ட் பிளேரில் 1880 முதல் ஓத அளவி வைத்துக் கடல்மட்டத்தைக் குறித்தார்கள். 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் பக்கம் வந்த நிலநடுக்கம் எழுப்பிய சுனாமியை அது பதிந்தது. கருவி இருந்தது ஒரே ஊரில்தான். பவள மேசைகளோ தீவுக்குத் தீவு இருந்தன.

2004 டிசம்பர் 26இல் அவற்றுக்கு வேலை வந்தது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 9ஐத் தாண்டிய அந்த நிலநடுக்கம் தீவுக்கூட்டத்தைச் சாய்த்துப் போட்டது. வடக்கே இன்டர்வியூ தீவின் கரை ஒன்றரை மீட்டருக்கு அருகில் உயர்ந்தது. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது, சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் புகுந்து தங்கிவிட்டது. தெற்கே இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. கச்சல் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேற்றப்பட்ட இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் நிக்கோபாரிகளும் பட்ட பாடு தனிக் கதை, இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

உயர்ந்த வடக்கில் பவளத்திட்டுகள் அப்படியே வெயிலுக்கு வந்தன. உயிரோடு இருந்த திட்டு நீர் விலகியதும் வெளுத்து, நாள்பட நாள்பட சாம்பலாகிக் கறுத்தது. பாறையில் ஒட்டிய சிப்பிகளும் கொட்டலசுகளும் ஓதமே எட்டாத உயரத்தில் செத்துக் காய்ந்தன. உயிர்களுக்கு அழிவுதான். ஆனால் நிலம் எங்கே உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது, இரண்டுக்கும் நடுக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை, செயற்கைக்கோள் படங்களில் வெளியே தெரிந்த இந்தத் திட்டுகளையும் பவள மேசைகளையும் வைத்துத்தான் ஆய்வாளர்கள் வரைந்தார்கள்.

நிலநடுக்கம் பவளத்துக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நீல் தீவில் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் இயற்கைப் பாலம், ஒரு காலத்தில் கடலடியில் உருவான பவளச் சுண்ணப்பாறைதான். இப்படி மேலேறிய பழைய திட்டுகள் தீவுகள் எங்கும் உண்டு. பெரிய நடுக்கம் வரும், திட்டு சாகும், பிறகு பல நூறு ஆண்டு அமைதி. அதற்குள் புதுக் கரையில் புதுத் திட்டு கட்டி எழுந்துவிடும். அன்றைய கடல் கொடுத்த அடி பலமானது, ஆனால் மூச்சு வாங்க நேரம் கொடுத்தது.

இன்னும் பின்னோக்கிப் போக விரும்புகிறவர் கடலடிச் சேற்றுக்குத்தான் போக வேண்டும். மணல் துகள் அளவே உள்ள ஃபோராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிர்கள் நீரின் மேற்பரப்பில் ஓடு கட்டி வாழ்ந்து, செத்ததும் அடியில் படிகின்றன. ஐராவதியும் சால்வீனும் கொட்டும் நன்னீரால் அந்தமான் கடலின் உப்பு குறையும், கூடும். பருவமழை வலுத்தால் நன்னீர் அதிகம், நலிந்தால் உப்பு அதிகம். இந்த ஓடுகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் படித்ததில், கடைசிப் பனியுகத்தில் நமது பருவமழை மெலிந்திருந்தது, பிறகு பூமி சூடானபோது வலுத்தது என்பது 25,000 ஆண்டு வரைக்கும் கிடைத்திருக்கிறது. 2014-15இல் சர்வதேசத் துளைக் கப்பல் ஒன்று இதே கடலில் இன்னும் ஆழமான சேற்றை எடுத்தது. மழைக் கணக்கை மணல் துகள் அளவு ஓட்டில் தேடுகிற வேலை, தஞ்சாவூர் விவசாயி கேட்டால் சிரிப்பார். ஆனால் அவர் வயலுக்குக் காவிரி வழியே வருவதும் அதே பருவமழைதான்.

இனி இன்றைய கடல். 1998இல் உலகெங்கும் பவளங்கள் வெளுத்தபோது அந்தமானும் தப்பவில்லை. 2010இல் ஏப்ரல், மே மாதங்களில் நீர் அளவுக்கு மேல் சூடானது. போர்ட் பிளேரின் மத்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் நீருக்கடியில் இறங்கி எண்ணியபோது ஹேவ்லாக் தீவு அருகே கிட்டத்தட்ட 70 சதவீதம் பவளம் வெளுத்திருந்தது. பழைய 20 ரூபாய் நோட்டில் படமாக இருந்த வடக்கு விரிகுடாப் பக்கம் 40 சதவீதத்துக்கு மேல். 2016இல் மறுபடி. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

வெளுப்பது என்றால் சாவு அல்ல. பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிகளை, வெப்பம் தாங்காமல் அது துப்பிவிடுகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் போதும். நீர் சீக்கிரம் ஆறினால் பாசி திரும்பும், இல்லையென்றால் பட்டினிச் சாவு. மான்கொம்பு போலக் கிளைத்த அக்ரோபோராக்கள் முதலில் போகின்றன. உருண்டைப் போரைட்டிஸ் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் உள்ளே அந்த ஆண்டின் பட்டை நெருக்கமாகி ஒரு தழும்பாகத் தங்கிவிடுகிறது.

வெளுத்த திட்டில் வேகமாக வளரும் ரகங்கள் மறுபடி நிறைய, நல்ல நிலைமையில் பத்திலிருந்து பதினைந்து ஆண்டு வேண்டும் என்கிறார்கள். 1998க்கும் 2010க்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டு. 2010க்கும் 2016க்கும் நடுவே ஆறு. நிலநடுக்கம் பல நூற்றாண்டு இடைவெளியில் செய்ததைவிட இது ஒரு தடவைக்குச் சிறிய அடிதான். ஆனால் எழுந்து நிற்பதற்குள் அடுத்தது விழுகிறது. கூடவே முன்சொன்ன கார்பனேட் பற்றாக்குறையும் சேர்ந்து, எழுகிற வேகத்தையே குறைக்கிறது. என் பார்வையில் இதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு. வெப்பம் எவ்வளவு என்பதை மட்டும் எழுதும் செய்திகள் இடைவெளியை எழுத மறந்துவிடுகின்றன.

வண்டூரில் 1983இல் தொடங்கிய மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகளை மாற்றி மாற்றித்தான் சுற்றுலாவுக்குத் திறக்கிறார்கள், ஒன்று திறந்திருக்கும்போது மற்றதற்கு ஓய்வு. கண்ணாடி அடிப்படகில் போகிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் பவளத்துக்கு வேண்டியது ஓய்வுதான் என்பதை வனத்துறை சரியாகவே பிடித்திருக்கிறது.

பெரிய நிக்கோபாரில் கதை வேறு. கலாத்தியா விரிகுடாவில் வரவிருக்கும் சரக்கு மாற்றுத் துறைமுகத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. பாதிக்கப்படும் 20,668 பவளத் தொகுதிகளில் 16,150ஐ வேறிடத்துக்கு மாற்றுவதாகத் திட்டம். கிளைப் பவளத்தைப் பெயர்த்து இன்னோரிடத்தில் ஒட்டுவது நடக்கக்கூடிய காரியம், மன்னார் வளைகுடாவிலும் செய்திருக்கிறார்கள். கார் அளவுக்கு வளர்ந்த போரைட்டிஸ் உருண்டையை யார் தூக்குவது? நூறாண்டு வெப்பத்தையும் 2004இன் தாழ்வையும் உள்ளே வைத்திருக்கக்கூடியது அந்த மாதிரி உருண்டைதான். அதில் கைப்பிடி அகலத்தில் துளையிட்டு ஒரு தண்டு எடுக்கலாம். துளையைச் சிமெண்ட் அடைப்பானால் மூடினால் சில ஆண்டுகளில் பவளம் அதன்மேல் வளர்ந்து மூடிவிடும். துறைமுகம் வருவது உறுதி என்றால், தூர்வாரும் இயந்திரம் வருவதற்கு முன் அந்தத் துளைகளையாவது போட்டுவிட வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு படகு, ஒரு துளைக் கருவி, சில முக்குளிப்போர்.