கடிகாரத்துக்குள் யாருடைய இயந்திரம்?

விலையுயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரங்களின் விளம்பரங்களில், 'எங்கள் ஆலையிலேயே உருவான இயந்திரம்' என்னும் பெருமிதத்தை அடிக்கடி காண முடிகிறது. வெளியிலிருந்து வாங்கிய இயந்திரத்தைப் பொருத்துவது தரக்குறைவு என்ற எண்ணமும் அதனுடனேயே பரவிவிட்டது. அந்தத் தொழிலின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை.

1972-இல் ஓடெமார் பிகே வெளியிட்ட 'ராயல் ஓக்', 1976-இல் படேக் ஃபிலிப் வெளியிட்ட 'நாட்டிலஸ்' ஆகிய இரண்டின் முதல் மாதிரிகளிலும் இருந்தது ஒரே அடிப்படை இயந்திரம். அதைச் செய்தது ஜெஜர் லெகூல்ட்ர். ரோலெக்ஸின் 'டேடோனா' 1988 முதல் 2000 வரை ஸெனித் நிறுவனத்தின் 'எல் பிரிமெரோ' இயந்திரத்தைக் கொண்டே ஓடியது. அதை ரோலெக்ஸ் அப்படியே பயன்படுத்தவில்லை. மணிக்கு 36,000 ஆக இருந்த அதிர்வை 28,800 ஆகக் குறைத்து, பல பாகங்களையும் மாற்றியது. அந்த டேடோனாக்களை 'ஸெனித் டேடோனா' என்று பெயர் சொல்லியே சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். இரவல் இயந்திரம் இங்கே இழுக்காகவில்லை.

பிறகு ஏன் இந்தச் சொந்த இயந்திர மோகம்? பல நிறுவனங்களுக்கு இயந்திரம் வழங்கிவந்த ஈட்டா, ஸ்வாட்ச் குழுமத்துக்குச் சொந்தமானது. அரைகுறையாகப் பூட்டிய இயந்திரங்களை வெளியாருக்கு விற்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2002-இல் அக்குழுமம் அறிவித்தது. சுவிஸ் போட்டி ஆணையம் தலையிட்டதால் அது உடனே நடக்கவில்லை. ஆனாலும் அச்சம் பற்றிக்கொண்டது. சிலர் செலிட்டாவை நாடினர்; வசதி படைத்தவர்கள் சொந்தமாகச் செய்யத் தொடங்கினர். கட்டாயத்தில் பிறந்த முடிவு, விளம்பரத்தில் பெருமையாக மாறியது.

'சொந்தம்' என்பதற்கு எல்லை எது என்பதிலும் தெளிவில்லை. 2009-இல் டாக் ஹோயர் தன் சொந்தத் தயாரிப்பு என்று அறிவித்த 'கேலிபர் 1887' இயந்திரத்தின் அடிப்படை வடிவமைப்பு ஜப்பானின் சீக்கோவுடையது. ஆர்வலர்கள் சுட்டிக்காட்டிய பிறகே நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. உற்பத்தி சுவிட்சர்லாந்தில்தான் நடந்தது என்பதும் உண்மை.

சொந்த இயந்திரத்தால் பயனே இல்லை என்று சொல்வதும் சரியாகாது. 2000-இல் ரோலெக்ஸ் தானே உருவாக்கிய டேடோனா இயந்திரம், ஒருமுறை முழுதாக முறுக்கினால் ஏறத்தாழ 72 மணி நேரம் ஓடும். ஆனால் பழுதுபார்ப்பு என்று வரும்போது கணக்கு மாறுகிறது. ஈட்டா, செலிட்டா இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். சொந்த இயந்திரமென்றால் உதிரிபாகத்துக்குப் பெரும்பாலும் தயாரித்த நிறுவனத்தையே நம்பியிருக்க வேண்டும். பணம் கட்டுமுன், முழுப் பராமரிப்பு எங்கே நடக்கும், எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று கடைக்காரரிடம் கேட்டால், விலைச்சீட்டில் அச்சாகாத தொகையும் தெரிந்துவிடும்.