மானிட்டரில் ஆடும் ஊசல்

குண்டு கனமானால் ஊசல் ஆடும் நேரம் மாறுமா? "மாறாது" என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன்; மனம் நம்பவில்லை. உங்கள் பிள்ளைக்கு அந்த நிலை வேண்டாம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' இலவசத் தளத்தை பிரவுசரில் திறந்து, 'பெண்டுலம் லேப்' என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

நீளத்தை 1 மீட்டராக்கி, மவுஸால் குண்டைச் சற்றே இழுத்து விடுங்கள். ஒரு முழு அலைவுக்கு சுமார் 2 விநாடி. நிறையைக் கூட்டினாலும் அதே 2 விநாடிதான்! இழுக்கும் விசை கூடும் அளவுக்கு, குண்டை அசைக்கும் சிரமமும் கூடிவிடுகிறது. நிலவைத் தேர்வு செய்தால் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. நேரம் சுமார் 5 விநாடி.

ஆனால் இது கம்ப்யூட்டர் போடும் கணக்குதான். 1 மீட்டர் நூலில் கல்லைக் கட்டி, 10 அலைவுகளை எண்ணச் சொல்லுங்கள். கடிகாரம் 20 விநாடி காட்டும்போதுதான் பிள்ளை நம்பும்.