கோபிப் பாலையில் புதைத்த பெட்டிகள்

மங்கோலிய நாட்டின் தென்கிழக்கே, கோபிப் பாலைவனத்தில் கமரின் என்னும் பௌத்த மடாலயம் இருந்தது. 1820களில் அதை நிறுவியவர் டன்சன்ரவ்ஜா என்ற துறவி. துறவி என்றதும் மௌனமாய் ஜெபமணி உருட்டுபவர் என்று எண்ணிவிடாதீர்கள்! அவர் கவிதை எழுதினார், பாடல் புனைந்தார், பாலைவனத்தின் நடுவே நாடக அரங்கே கட்டினார்!

1930களின் பிற்பகுதியில் பொதுவுடைமை அரசு மடாலயங்களை அழித்தது. துறவிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1938இல் கமரினும் இடிக்கப்பட்டது. ஸ்தூபிகளும் மண்ணாயின. துறவியின் உடைமைகளை வழிவழியாகக் காத்துவந்த குடும்பத்தில் தூதேவ் என்பவர் அப்போது பொறுப்பில் இருந்தார். அவர் இரவு வேளைகளில் பெட்டிகளைக் கொண்டுபோய் மணலில் புதைத்தார். அகப்பட்டால் உயிர் மிஞ்சாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளில் 64 மட்டுமே தப்பின. புதைத்த இடத்தைத் தம் பேரன் அல்தங்கெரெலுக்கு மட்டும் சொல்லிவைத்தார். ஐம்பது ஆண்டுகள் அந்த இரகசியம் வெளியே கசியவில்லை!

ஆட்சி மாறியபின் பேரன் சில பெட்டிகளைத் தோண்டி எடுத்தார். கையெழுத்துச் சுவடிகளும் நாடக உடைகளும் வெளிவந்தன. 1991இல் சாயின்ஷாந்த் நகரில் அவற்றுக்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கமரினில் மீண்டும் ஒரு சிறிய துறவியர் கூட்டம் கூடி ஓதுகிறது. அருகே 108 வெண்ணிற ஸ்தூபிகள் புதிதாக எழுந்துள்ளன. சில பெட்டிகள் இன்னும் மணலுக்கடியில்தான் இருக்கின்றன.