காட்டு ஸ்ட்ராபெர்ரி: இலையும் பழமும் எதுவரை உதவும்?

கடைகளில் பெட்டியில் அடுக்கி விற்கப்படும் பெரிய ஸ்ட்ராபெர்ரி காட்டில் தோன்றியதன்று. வட அமெரிக்க இனம் ஒன்றும் சிலி நாட்டு இனம் ஒன்றும் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் கலந்து பிறந்த கலப்பினம் அது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஐரோப்பிய மக்கள் உண்டதும் மருந்தாகக் கொண்டதும், மலைச்சரிவுகளிலும் காட்டோரங்களிலும் தானே படரும் ஃபிரகாரியா வெஸ்கா என்னும் சிற்றினத்தையே. பழம் சுண்டுவிரல் நுனியளவுதான்; மணமோ கடைப்பழத்தை விஞ்சும். இதன் உறவினம் ஒன்று நம் நீலகிரியின் பெயரையே தன் தாவரவியல் பெயரில் தாங்கியுள்ளது: ஃபிரகாரியா நீல்கெரென்சிஸ். மலைப்பகுதிகளில் மஞ்சள் பூப் பூத்து, சுவையற்ற சிவந்த காய் தரும் ஒரு செடியையும் மக்கள் காட்டு ஸ்ட்ராபெர்ரி என்றே அழைப்பதுண்டு. அது வேறு. உண்மையான இனங்களின் பூ வெண்ணிறமானது.

பழத்தைவிட இலைக்கும் வேருக்குமே மருத்துவ மரபில் மதிப்பு மிகுதி. உலர்ந்த இலையை வெந்நீரில் ஊறவைத்து, வயிற்றுப்போக்கிற்குக் குடிப்பர். வாய்ப்புண்ணுக்கும் தொண்டை வலிக்கும் கொப்பளிப்பர். இலையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், சவ்வின் மேற்பரப்புப் புரதங்களோடு பிணைந்து அதனை இறுகச் செய்கிறது. வாழைப்பூவைக் கடித்ததும் நாவு இழுத்துப் பிடிப்பது போன்றதே இதுவும். இலேசான வயிற்றுப்போக்கிற்கும், சிறுநீரை மிகுவிப்பதற்கும் இவ்விலையைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய மருந்துகள் முகமையும் ஏற்கிறது. ஆயினும் அந்த ஏற்பு நெடுநாள் வழக்கத்தின் அடிப்படையிலானதே. மருத்துவ ஆய்வுகளால் நிறுவப்பட்டதன்று. இவ்வேறுபாட்டை நோயாளிகள் மறத்தலாகாது.

தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ் (1707–1778), தமது கீல்வாதம் ஸ்ட்ராபெர்ரிப் பழங்களை மிகுதியாக உண்டதால் தணிந்ததாக எழுதிவைத்தார். மாமேதையாயினும் அது ஒருவரது அனுபவமே. கீல்வாத வலி தானே வந்து தானே தணியும் இயல்புடையது; ஆகவே எது தணித்தது என்று உறுதிகூற இயலாது. அவரைப் பின்பற்றி யூரிக் அமில மாத்திரையை நிறுத்துவது ஆபத்தாகும்.

வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு முதலில் வேண்டுவது இலைக் கஷாயமன்று, ஓ.ஆர்.எஸ். கரைசல். குழந்தை சோர்ந்துபோனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் குருதி தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். இதய நோய் அல்லது சிறுநீரக நோயால் நீரின் அளவைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்கள் இவ்விலைத் தேநீரைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோடு காய்ச்சலும் இருப்பின், தேநீர் குடித்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். டானின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். எனவே இரும்புச்சத்து மாத்திரையை இத்துடன் விழுங்கலாகாது. பழம் உண்டபின் உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அது ஒவ்வாமை. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு விரைக.

வீட்டில் இத்தகைய மூலிகைத் தேநீர் ஏதேனும் அருந்துபவராயின், அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு அப்பொட்டலத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.