மூச்சு விழும் இடம்

மார்கழி நெருங்கும்போது சென்னையில் மாணவர்களுக்கான கர்நாடக இசைப் போட்டிகள் களைகட்டிவிடும். நடுவர் கையில் இருக்கும் மதிப்பெண் தாளில் சுருதி, லயம், பாடாந்தரம், உச்சரிப்பு, பாவம் என்று கட்டங்கள் போட்டிருக்கும். மூச்சுக்கென்று தனிக் கட்டத்தை அநேகமாகப் பார்க்க முடியாது. பிள்ளை எங்கே மூச்சு எடுக்கிறது என்பதைக் கவனித்தாலே உச்சரிப்பும் பாவமும் பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

'தாமரை' என்ற சொல் வரும்போது 'தா' என்று நீட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு, 'மரை' என்று தொடர்கிற பிள்ளை, பொருள் தெரியாமல் பாடம் பண்ணியிருக்கிறது. ஆனால் பேனாவை உடனே எடுத்துவிடக் கூடாது. தாளத்தின் அருதி சொல்லின் நடுவே விழுகிற கீர்த்தனைகள் நிறைய உண்டு. அங்கே சொல் பிரிவது பாட்டின் அமைப்பு, பிள்ளையின் குற்றமல்ல. அந்தக் கார்வையை மூச்சு விடாமல் தாங்கி அடுத்த எழுத்தைத் தொட்டுவிட்டால் கேட்பவர் காதில் சொல் முழுசாகவே விழும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் நடுவர் வேண்டும்.

இதற்கு நிரவலைவிட நல்ல பரீட்சை கிடையாது. கீர்த்தனையில் குரு சொல்லித்தந்த இடத்தில் மூச்சு எடுத்துத் தப்பித்துவிடலாம். நிரவலில் ஒரே வரியை ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் புதிதாக நிரப்ப வேண்டும். சொற்களை எங்கே நீட்டுவது, எங்கே நெருக்குவது என்று அந்தக் கணத்தில் பாடகரே முடிவு செய்ய வேண்டும். வரியின் பொருள் மனத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சொல் சிதையாது. வேகம் ஏறும்போது மட்டும் திணறினால் அது பயிற்சிக் குறை, சரிசெய்துவிடலாம்.

மூச்சு போதாமல் திணறுவதற்கும் காரணம் பார்க்க வேண்டும். குரல் கணீரென்று கேட்க வேண்டுமென்று ஐந்து கட்டையில் சௌகரியமாகப் பாடும் பெண்ணை ஆறு கட்டைக்கு ஏற்றிவிடுகிறார்கள். தார ஸ்தாயி பஞ்சமத்தை எட்டுவதிலேயே இருக்கிற மூச்சு தீர்ந்துபோகிறது. தோள்கள் தூக்கிக்கொள்கின்றன; மூச்சு இழுக்கும் சத்தம் மைக்கில் கேட்கிறது. பையன்களுக்கு மகரக்கட்டு வேறு. குரல் உடைகிற அந்தப் பருவத்தில் பிசிறுக்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். 'விரிபோணி' வர்ணத்தின் அட தாளத்துக்கு 14 அட்சரங்கள். விளம்பத்தில் அந்த ஆவர்த்தனத்தை ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லிப் பிள்ளையை வதைக்காமல், எங்கே நிறுத்தி மூச்சு எடுக்கலாம் என்று ஆரம்பத்திலேயே காட்டித்தரும் ஆசிரியர்கள் கொண்டாடப்பட வேண்டியவர்கள்.

உச்சரிப்புக்கு வருவோம். தியாகராஜரின் தெலுங்கையும் தீட்சிதரின் சமஸ்கிருதத்தையும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழில் எழுதிவைத்துத்தான் படிக்கிறார்கள். அச்சுப் புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளுக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறிய எண்கள் இருக்கும். வகுப்பு நோட்டில் அவசரமாக எழுதிக்கொள்ளும்போது முதலில் தொலைவது அந்த எண்கள்தான். ஒரே சொல்லைப் பல்லவியிலும் சரணத்திலும் ஒரே மாதிரி தப்பாகப் பாடினால் அது நோட்டின் தப்பு. ஒரு முறை சரியாகவும் ஒரு முறை தப்பாகவும் வந்தால் கவனக்குறைவு. இரண்டுக்கும் ஒரே அளவு மதிப்பெண் குறைப்பது சரியாகாது.

தமிழ்ப் பாட்டிலாவது பிழையில்லாமல் இருக்குமா என்றால், அங்கேதான் அதிகம் வருத்தப்பட வேண்டியிருக்கிறது. தாய்மொழிதானே என்று யாரும் திருத்துவதில்லை. 'ழ'கரம் 'ள'கரமாகிறது. கமகத்தில் குறில் நீண்டு 'வரம்' என்பது 'வாரம்' ஆகிறது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவான காலத்தில் தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று போராட வேண்டியிருந்தது. அப்படிப் பெற்ற இடத்தில் சொல்லைச் சிதைத்துப் பாடுவது எனக்குத் தாங்கவில்லை.

பாவம் என்ற கட்டத்தில்தான் நடுவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, குரலைத் தழுதழுக்க வைத்தால் மதிப்பெண் விழுந்துவிடுகிறது. கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு, முகத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டால் உண்மை தெரியும். கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருகலாமோ' பாட்டைக் கே.வி. நாராயணசாமி மாஞ்சி ராகத்தில் பாடிய பதிவைக் கேளுங்கள். அதில் அழுகை இல்லை. கோயிலுக்குள் வர அனுமதி கேட்டு நிற்கிற நந்தனாரின் தயக்கம், சொல்லை அவர் மெதுவாக வைக்கிற விதத்திலும் அதன் பிறகு விடுகிற இடைவெளியிலும் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் அந்தத் தவிப்பை எதிர்பார்க்க முடியாது. அது கேள்வி என்று புரிந்து, கேள்வியாகப் பாடினால் போதும். அந்த வயதுக்கு அதுவே பாவம். முழு மதிப்பெண் போடலாம்.

போட்டி முடிந்ததும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று அறிவித்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம். பரிசு கிடைக்காத பிள்ளைக்குத் தான் எங்கே விட்டோம் என்று தெரிவதில்லை. 'இன்னும் பயிற்சி தேவை' என்று எழுதுவதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. 'அனுபல்லவி இரண்டாம் சங்கதியில் சொல்லின் நடுவே மூச்சு எடுக்கிறாய்; ஒரு சொல் தள்ளி எடு' என்று எழுதிக் கொடுத்தால் மறுநாள் காலை சாதகத்திலேயே திருத்திக்கொள்ளும். அடுத்த டிசம்பருக்குத் தாள் அச்சடிக்கும் சபாக்கள் மூச்சுக்கு ஒரு கட்டம் சேர்க்கட்டும். அதற்குப் பக்கத்தில் நடுவர் இரண்டு வரி எழுத இடமும் விடட்டும்.