புள்ளியியல் விளக்கப்படம் (பள்ளிக் கணிதம்)

புள்ளியியல் விளக்கப்படம் என்பது திரட்டப்பட்ட தரவுகளை நீளம், பரப்பு, கோணம், புள்ளியின் அமைவிடம் ஆகியவற்றின் மூலம் காட்டும் வரைபடம் ஆகும். பட விளக்கப்படம், பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம், கோட்டு வரைபடம், நிகழ்வு செவ்வகம், நிகழ்வு பலகோணம் ஆகியவை பள்ளிக் கணிதத்தில் கற்பிக்கப்படும் முதன்மையான வகைகளாகும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பட விளக்கப்படமும் பட்டை விளக்கப்படமும் 6ஆம் வகுப்பிலும், வட்ட விளக்கப்படம், நிகழ்வு செவ்வகம், நிகழ்வு பலகோணம் ஆகியவை 8ஆம் வகுப்பிலும் இடம்பெறுகின்றன.

ஒரே தரவைப் பல வகைப் படங்களாக வரைய இயலும். எனினும் ஒவ்வொரு வகையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கே தெளிவான விடை தரும். பிற கேள்விகளுக்கான விடையை அது மறைத்துவிடக்கூடும். இக்கட்டுரையில் தஞ்சாவூரை உள்ளடக்கிய காவிரி டெல்டாவின் பாசனத் தரவுகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

சொற்கள்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இத்துறைக்கு வெவ்வேறு கலைச்சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் பட்டை விளக்கப்படம் எனப்படுவது இலங்கையில் சலாகை வரைபு எனப்படும். அவ்வாறே வட்ட விளக்கப்படம் வட்ட வரைபு எனவும், நிகழ்வு செவ்வகம் வலையுருவரையம் எனவும், நிகழ்வெண் மீடிறன் எனவும் வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியவை இலங்கையில் முறையே இடை, இடையம், ஆகாரம் ஆகும்.

வரலாறு

கோட்டு வரைபடத்தையும் பட்டை விளக்கப்படத்தையும் பொருளியல் தரவுகளுக்கு முதன்முதலில் விரிவாகப் பயன்படுத்தியவர் இசுக்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் ஆவார். இவை 1786ஆம் ஆண்டில் வெளியான அவரது நூலில் இடம்பெற்றன. வட்ட விளக்கப்படத்தை அவர் 1801இல் வெளியிட்டார். நிகழ்வு செவ்வகத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1890களில் சூட்டியவர் கார்ல் பியர்சன் ஆவார். இந்தியாவில் புள்ளியியல் கல்விக்கு அடித்தளம் இட்ட இந்தியப் புள்ளியியல் கழகத்தை பி. சி. மகலனோபிசு 1931இல் கொல்கத்தாவில் நிறுவினார்.

எடுத்துக்காட்டுத் தரவு: மேட்டூர் அணை திறக்கப்பட்ட நாள்

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு நீர் திறக்கப்படும் மரபான நாள் ஜூன் 12 ஆகும். நீர் நிறுத்தப்படும் மரபான நாள் ஜனவரி 28 ஆகும். ஜூனில் நீர் கிடைத்தால் சுமார் நான்கு மாதத்தில் விளையும் குறுவை நெல்லைப் பயிரிட்டு, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் அறுவடை செய்ய இயலும். அதன் பின்னர் அதே வயலில் தாளடி நடப்படும். நீர் தாமதமானால் ஆழ்துளைக் கிணறு இல்லாத உழவர்கள் குறுவையைக் கைவிட்டு, நீண்ட காலப் பயிரான சம்பாவை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். ஆகவே டெல்டாவில் நீரின் அளவைப் போலவே அது வரும் நாளும் முதன்மையானது.

2012 முதல் 2025 வரை அணை பாசனத்துக்குத் திறக்கப்பட்ட நாளும், ஜூன் 12இலிருந்து கணக்கிடப்பட்ட தாமதமும் கீழே தரப்பட்டுள்ளன. முன்கூட்டியே திறக்கப்பட்டால் தாமதம் குறை எண்ணாகக் குறிக்கப்படுகிறது.

2012 – செப்டம்பர் 17 – 97 நாள்
2013 – ஆகத்து 2 – 51 நாள்
2014 – ஆகத்து 15 – 64 நாள்
2015 – ஆகத்து 9 – 58 நாள்
2016 – செப்டம்பர் 20 – 100 நாள்
2017 – அக்டோபர் 2 – 112 நாள்
2018 – ஜூலை 19 – 37 நாள்
2019 – ஆகத்து 13 – 62 நாள்
2020 – ஜூன் 12 – 0
2021 – ஜூன் 12 – 0
2022 – மே 24 – (−19) நாள்
2023 – ஜூன் 12 – 0
2024 – ஜூலை 28 – 46 நாள்
2025 – ஜூன் 12 – 0

பட்டை விளக்கப்படம்

மேற்கண்ட தரவை மாதவாரியாக எண்ணினால் மே 1, ஜூன் 4, ஜூலை 2, ஆகத்து 4, செப்டம்பர் 2, அக்டோபர் 1 என நிகழ்வெண்கள் கிடைக்கும். இவற்றின் கூடுதல் 14. கிடை அச்சில் மாதங்களையும், நிலை அச்சில் ஓர் ஆண்டுக்கு 1 செ.மீ. என்ற அளவுத்திட்டத்தையும் கொண்டு பட்டைகளை வரையலாம். பட்டைகளின் அகலமும் அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியும் சமமாக இருத்தல் வேண்டும். எந்த மாதத்தில் அதிக முறை அணை திறக்கப்பட்டது என்ற கேள்விக்கு இப்படம் விடை தருகிறது. ஜூனும் ஆகத்தும் சம உயரத்தில் நிற்கும்.

ஆனால் இப்படத்தில் ஆண்டுகளின் வரிசை மறைந்துவிடுகிறது. நிலைமை மேம்பட்டதா, மோசமடைந்ததா என்பதை இதிலிருந்து அறிய இயலாது.

கோட்டு வரைபடம்

காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தைக் காட்ட கோட்டு வரைபடம் ஏற்றது. கிடை அச்சில் ஆண்டும் நிலை அச்சில் தாமத நாட்களும் குறிக்கப்பட்டால், 2012 முதல் 2019 வரையிலான எட்டுப் புள்ளிகளும் 37 நாளுக்குக் குறையாமல் மேலே நிற்கின்றன. 2020 முதல் 2025 வரையிலான ஆறு புள்ளிகளில் 2024 நீங்கலாக அனைத்தும் சுழியிலோ அதற்குக் கீழோ அமைகின்றன. முதல் எட்டு ஆண்டுகளின் சராசரித் தாமதம் 72.6 நாள், அடுத்த ஆறு ஆண்டுகளின் சராசரி 4.5 நாள்.

இரு புள்ளிகளை இணைக்கும் கோடு கண்ணுக்கு வழிகாட்டுவதற்கு மட்டுமே உரியது. 2017க்கும் 2018க்கும் நடுவில் கோட்டின் மீதுள்ள ஒரு புள்ளிக்கு எவ்விதப் பொருளும் இல்லை. ஆற்றின் நீர்மட்டம் போன்று தொடர்ச்சியாக மாறும் அளவுகளில் மட்டுமே இடைப்பட்ட புள்ளிகளை மதிப்பிடலாம்.

படம் காட்டாதவற்றையும் கவனத்தில் கொள்ளுதல் வேண்டும். 2021, 2023 ஆகிய இரு ஆண்டுகளும் இப்படத்தில் சுழியில் நிற்கின்றன. எனினும் 2023இல் நீர்வரத்து குறைந்ததால், ஜனவரி வரை தொடர வேண்டிய பாசன நீர் அக்டோபர் 10ஆம் நாளே நிறுத்தப்பட்டது. உரிய நாளில் திறக்கப்பட்டதா என்ற கேள்விக்கு மட்டுமே இப்படம் விடை தருகிறது. பயிர் விளைந்ததா என்ற கேள்விக்கு அல்ல.

நிகழ்வு செவ்வகம்

தொடர்ச்சியான அளவுகளைப் பிரிவு இடைவெளிகளாகத் தொகுத்து, இடைவெளியின்றி ஒட்டிய செவ்வகங்களாக வரைவது நிகழ்வு செவ்வகம் ஆகும். தாமத நாட்களை 20 நாள் கொண்ட பிரிவுகளாக்கினால் பின்வருமாறு அமையும்.

(−20) – 0 : 1
0 – 20 : 4
20 – 40 : 1
40 – 60 : 3
60 – 80 : 2
80 – 100 : 1
100 – 120 : 2

ஒரு பிரிவின் மேல் எல்லையில் அமையும் மதிப்பு அடுத்த பிரிவில் சேர்க்கப்படும். எனவே 2016க்குரிய 100 நாள், 100 – 120 என்ற பிரிவில் இடம்பெறுகிறது. செவ்வகங்களின் மேல்பக்க மையப் புள்ளிகளை நேர்க்கோடுகளால் இணைத்தால் நிகழ்வு பலகோணம் கிடைக்கும்.

நிகழ்வு செவ்வகத்தில் நிகழ்வெண்ணைக் குறிப்பது பரப்பே ஆகும். கடைசி மூன்று பிரிவுகளை 60 – 120 என ஒன்றாக்கினால் நிகழ்வெண் 5 ஆகும். அகலம் மும்மடங்கு ஆனதால் உயரத்தை 5 ÷ 3 = 1.67 எனக் குறைத்தே வரைய வேண்டும். 5 என்ற உயரத்திலேயே வரைந்தால், நீண்ட தாமதமே பெரும்பான்மை என்னும் தவறான தோற்றம் உண்டாகும்.

இத்தரவின் கூட்டுச் சராசரி 43.4 நாள், இடைநிலை அளவு 48.5 நாள், முகடு 0, வீச்சு 131 நாள் ஆகும். ஆனால் 40 முதல் 50 நாள் வரையிலான தாமதம் 2024ஆம் ஆண்டில் மட்டுமே நிகழ்ந்தது. சராசரியை மட்டும் கொண்டு நாற்றங்கால் விடும் நாளைத் தீர்மானிக்க இயலாது என்பதை நிகழ்வு செவ்வகம் உணர்த்துகிறது.

வட்ட விளக்கப்படம்

முழுமை ஒன்று பகுதிகளாகப் பிரிக்கப்படும் விதத்தை வட்ட விளக்கப்படம் காட்டுகிறது. ஒரு பகுதியின் மையக் கோணம் = (பகுதியின் மதிப்பு ÷ மொத்த மதிப்பு) × 360° ஆகும்.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் வழங்கிய இறுதித் தீர்ப்பில் ஆற்றின் 740 டி.எம்.சி. நீர் பின்வருமாறு பங்கிடப்பட்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி ஆகும்.

தமிழ்நாடு – 419 – 203.8°
கருநாடகம் – 270 – 131.4°
கேரளம் – 30 – 14.6°
புதுச்சேரி – 7 – 3.4°
சுற்றுச்சூழல், கடலில் கலப்பது – 14 – 6.8°

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டின் பங்கை 404.25 எனவும் கருநாடகத்தின் பங்கை 284.75 எனவும் மாற்றியது. இதன்படி தமிழ்நாட்டின் கோணம் 196.7° ஆகும். 14.75 டி.எம்.சி. நீர் குறைந்தபோதிலும், இரு வட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் 7° வேறுபாடு எளிதில் தென்படாது. இரு காலங்களை ஒப்பிட இரட்டைப் பட்டை விளக்கப்படமே ஏற்றது.

மாதவாரி அளவும் திரள் அளவும்

தமிழ்நாட்டின் பங்கில் பெரும்பகுதி மாநிலத்துக்குள்ளேயே உருவாகும் நீராகும். மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கருநாடகம் ஓர் ஆண்டில் வழங்க வேண்டிய அளவு 177.25 டி.எம்.சி. ஆகும். இதன் மாதவாரி அட்டவணை: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகத்து 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதந்தோறும் 2.5.

ஆண்டின் அளவை 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 14.77 என வரும். இந்தச் சராசரி எந்த மாதத்தின் உண்மை நிலையையும் காட்டுவதில்லை. பட்டை விளக்கப்படமாக வரைந்தால் ஆகத்திலும் செப்டம்பரிலும் மட்டும் மொத்தத்தில் 46.7 விழுக்காடு வருவது புலப்படும். ஜூனுக்குரிய அளவு 5.2 விழுக்காடு மட்டுமே. ஆகவே குறுவைக்கான தொடக்க நீருக்கு மேட்டூர் அணையின் முன் இருப்பே ஆதாரமாகிறது.

உரிய நீர் வந்துள்ளதா என்பதை ஆண்டின் இடையில் அறிய, மாத அளவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டித் திரள் வளைவாக வரைவர். ஜூன் முடிவில் 9.19, ஜூலை முடிவில் 40.43, ஆகத்து முடிவில் 86.38, செப்டம்பர் முடிவில் 123.14 என வளைவு உயரும். உண்மையில் வந்த நீரின் வளைவை இதன் மீது வரைந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட செங்குத்துத் தொலைவு அந்நாளின் பற்றாக்குறையையோ உபரியையோ தரும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

அச்சின் தொடக்கம்: பட்டை விளக்கப்படத்தின் நிலை அச்சு சுழியில் தொடங்குதல் வேண்டும். 419, 404.25 ஆகிய பட்டைகளை 400இலிருந்து வரைந்தால் அவற்றின் உயரங்கள் 19, 4.25 என ஆகும். 3.5 விழுக்காடு குறைவு நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வீழ்ச்சியாகத் தோன்றும்.

அலகு: மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, அப்போதைய கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 100 அடியாக இருக்கும்போது இருப்பு சுமார் 65 டி.எம்.சி. ஆகும். அடியில் பார்த்தால் அணை 83 விழுக்காடு நிரம்பியதாகத் தோன்றும். உண்மையில் உள்ள நீர் சுமார் 70 விழுக்காடே. நீர்த்தேக்கம் மேலே செல்லச் செல்ல விரிவதே இதற்குக் காரணம்.

ஆண்டு: வேளாண்மைப் பதிவேடுகள் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும் பசலி ஆண்டைப் பின்பற்றுகின்றன. நாட்காட்டி ஆண்டின் தரவையும் பசலி ஆண்டின் தரவையும் ஒரே அச்சில் கலத்தல் கூடாது.

எல்லை மாற்றம்: தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிக்கப்பட்டது. 1997இல் திருவாரூர் மாவட்டமும், 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை மாவட்டமும் உருவாயின. தஞ்சாவூர் மாவட்ட நெற்பரப்பைக் கோட்டு வரைபடமாக வரைந்தால் 1991இல் செங்குத்தான சரிவு தோன்றும். அது மாவட்டப் பிரிவினையால் நிகழ்ந்த சரிவேயன்றி வறட்சியால் ஏற்பட்டதன்று. பழைய மாவட்டத்தின் பகுதிகள் அனைத்தையும் கூட்டிய பின்னரே ஒப்பிடுதல் முறையாகும்.

வரையும் முறை

1. விடை காண வேண்டிய கேள்வியை ஒரு வரியில் எழுதுதல்.
2. தரவை நேர்க்கோட்டுக் குறிகளால் எண்ணி அட்டவணையாக்கி, கூடுதலைச் சரிபார்த்தல்.
3. ஒப்பீட்டுக்குப் பட்டை, கால மாற்றத்துக்குக் கோடு, பங்கீட்டுக்கு வட்டம், பரவலுக்கு நிகழ்வு செவ்வகம் எனக் கேள்விக்கேற்ற வகையைத் தெரிவு செய்தல்.
4. அளவுத்திட்டத்தையும் அலகையும் அச்சுகளில் எழுதுதல்.
5. தலைப்பில் இடம், காலம், அளவிடப்படும் பொருள் ஆகியவற்றைக் குறிப்பிடுதல்.
6. தரவு பெறப்பட்ட இடத்தைப் படத்தின் அடியில் எழுதுதல்.

தாம் வாழும் ஊரின் மழையளவு, வாய்க்காலில் நீர் வந்த நாள், கிராம நிர்வாக அலுவலர் பேணும் அடங்கல் பதிவேட்டிலுள்ள பயிர்ப்பரப்பு ஆகியவற்றை மாணவர்கள் செயல்திட்டமாக இம்முறையில் வரையலாம்.

இவற்றையும் பார்க்க

நிகழ்வெண் பரவல்
கூட்டுச் சராசரி
மேட்டூர் அணை
காவிரி ஆற்று நீர்ப் பிணக்கு
குறுவை சாகுபடி